எவ்வளவு தேறினால் தேறியதாகும்? நோயாளியின் சொல்லும் மருத்துவத்தின் அளவுகோலும்



இன்றைய உரைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிகிச்சை முடிந்து நம் எதிரே வந்து அமர்பவர், "முன்னைக்கு இப்போ தேவலைங்க" என்கிறார். அதை எப்படி அளப்பது? எந்த அளவைத் தொட்டால், இந்தச் சிகிச்சையால் பயன் உண்டு என்று மருத்துவம் ஒப்புக்கொள்ளலாம்?

வலி, மூச்சிரைப்பு, களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கென்று மருந்துகளும் அறுவைச் சிகிச்சைகளும் இன்று பெருகிவிட்டன. ஆனால் வலி இவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. களைப்பு எந்த ஸ்கேனிலும் தெரிவதில்லை. இவற்றை அறிந்தவர் நோயாளி ஒருவரே. அதனால்தான் அவரே பதில் சொல்லி நிரப்பும் வினாப்பட்டியல்கள் ஆராய்ச்சியில் முக்கிய இடம் பிடித்தன. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ., ஒரு மருந்தின் உறைமேல் இத்தகைய பயனைக் குறிப்பிட என்னென்ன ஆதாரம் வேண்டும் என்று 2009இல் தனி வழிகாட்டு நெறியே வெளியிட்டது.

இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது இது: ஒரு மாற்றம் தற்செயலாக நேர்ந்ததா இல்லையா என்று புள்ளியியல் சொல்லும். அந்த மாற்றம் போதுமா என்று சொல்லக்கூடியவர், அதனோடு வாழ்கிறவர்தான். ஆகவே அளவுகோலில் கோடு கிழிக்கும்போது அவரைக் கேட்டே கிழிக்க வேண்டும். அந்தக் கேள்வியைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்கவும் வேண்டும்.

1. மூச்சுக்குள் அடங்கிய ஐந்து வேலைகள்

நான் நுரையீரல் மருத்துவம் பார்ப்பவள். எங்கள் துறையில் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை உண்டு. முழுமூச்சு இழுத்து வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதை அது காட்டும். நோயைக் கண்டறிய இன்றியமையாத எண் அது. ஆனால் ஒரே எண்ணை ஊதும் இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய்வருவார், மற்றவர் கட்டிலைவிட்டு எழவே தயங்குவார். எண்ணுக்கும் வாழ்க்கைக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது.

புகையிலையையே தொடாத பெண்கள் பலர், விறகடுப்பின் புகையை ஆண்டுக்கணக்காகச் சுவாசித்து நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு எங்களிடம் வருகிறார்கள். அப்படி வந்த ஓர் அம்மாவிடம், "மூச்சு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "ஏதோ இருக்கேன் தாயி" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. கேள்வியை மாற்றினேன். "எந்தெந்த வேலை செய்யும்போது இரைக்குது? அதுல எதெல்லாம் உங்களால முடிஞ்சாகணும்?" இப்போது பதில் வந்தது. குழாயடியிலிருந்து குடத்தை இடுப்பில் தூக்கி வருவது, குனிந்து வாசல் பெருக்குவது, துணியை அலசிப் பிழிவது, பேரனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போவது. ஐந்தாவதைச் சொல்லச் சற்று யோசித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "தலைக்குக் குளிக்கையில கையைத் தூக்க முடியலை" என்றார்.

இப்படி ஐந்து வேலைகளை நோயாளியே தேர்ந்தெடுக்கும் முறை 1987இல் வந்தது. கனடாவில் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கயாட்டும் அவருடைய குழுவினரும் நாட்பட்ட சுவாச நோய்க்கென்று 20 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலை உருவாக்கினர். மூச்சிரைப்பு, களைப்பு, மனநிலை, நோயைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கும் உணர்வு என்று அதற்கு நான்கு பகுதிகள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை ஏழு படிகளில் பதில். மூச்சிரைப்புப் பகுதியின் ஐந்து வேலைகளை நோயாளியே சொல்வார்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். நடை, கைகால் பயிற்சி, மூச்சைச் சீராக விடும் முறை ஆகியவற்றைச் சில வாரங்கள் கற்றுக்கொடுத்த பிறகும் ஸ்பைரோமெட்ரி எண் பெரும்பாலும் அசைவதில்லை. குடம் தூக்குவதும் தலைக்குக் குளிப்பதும் எளிதாகின்றன. கருவியை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பயிற்சியை வீண் என்று எப்போதோ கைவிட்டிருப்போம்.

2. அரைப் புள்ளியின் பிறப்பு

சரி, வினாப்பட்டியலில் மதிப்பெண் ஏறிவிட்டது. எவ்வளவு ஏறினால் அது உண்மையான தேறுதல்? 1989இல் ரோமன் யெஷ்கே, ஜோயல் சிங்கர், கார்டன் கயாட் ஆகிய மூவரும் இதற்கு வழி சொன்னார்கள். பக்கவிளைவும் பெருஞ்செலவும் குறுக்கே நிற்காவிட்டால் சிகிச்சையை மாற்றும் அளவுக்குத் தகுதியுள்ளதாக, நோயாளி நன்மையென்று உணரும் மிகச்சிறிய மாற்றம் எதுவோ, அதுவே கணக்கில் கொள்ளவேண்டிய அளவு என்றார்கள். தமிழில் இதைப் 'பொருட்படுத்தத்தக்க மிகச்சிறு மாற்றம்' என்று சொல்லலாம்.

அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. சுவாச நோயாளிகளும் இதய நோயாளிகளும் வினாப்பட்டியலை இரண்டு முறை நிரப்பினார்கள். இரண்டாம் முறை அவர்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்கப்பட்டது: போன தடவையைவிட இப்போது மோசமா, அப்படியேவா, தேவலையா? மோசம் என்றால் எவ்வளவு, தேவலை என்றால் எவ்வளவு? பதில் -7 முதல் +7 வரை. 'கொஞ்சம் தேவலை' என்றவர்களின் மதிப்பெண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தபோது, ஒரு கேள்விக்குச் சுமார் 0.5 புள்ளி வந்தது. நடுத்தர மாற்றத்துக்குச் சுமார் 1, பெரிய மாற்றத்துக்குச் சுமார் 1.5. எண்ணுக்குப் பொருள் தந்தது நோயாளியின் வாய்ச்சொல். இந்த ஆய்வின் பெருமை அதுதான் என்று நான் கருதுகிறேன்.

இதே தடத்தில் மற்றவர்களும் நடந்தார்கள். புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை 0 முதல் 100 வரை அளக்கும் ஐரோப்பிய வினாப்பட்டியலை டேவிட் ஒசோபாவும் குழுவினரும் 1998இல் ஆராய்ந்தனர். 5 முதல் 10 புள்ளி மாற்றத்தை நோயாளிகள் 'கொஞ்சம்' என்றார்கள், 10 முதல் 20 வரையிலானதை 'நடுத்தரம்' என்றார்கள், 20ஐத் தாண்டினால் 'மிகுதி' என்றார்கள். வலியை 0 முதல் 10 வரை சொல்லும் அளவில், சுமார் 2 புள்ளி அல்லது 30 விழுக்காடு குறைந்தால் 'நன்றாகத் தேறிவிட்டேன்' என்பதோடு பொருந்துகிறது என்று ஜான் ஃபரார் குழு 2001இல் காட்டியது. தொடக்கத்தில் வலி கடுமையாக இருந்தாலும் மிதமாக இருந்தாலும், புள்ளிக் கணக்கைவிட விழுக்காட்டுக் கணக்கே சீராகப் பொருந்தியது. 9இலிருந்து 7க்கு இறங்குவதும் 4இலிருந்து 2க்கு இறங்குவதும் அனுபவத்தில் ஒன்றல்ல என்பதற்கு அது சான்று.

3. தராசின் நடுக்கம்

புள்ளியியல் அறிஞர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். உடல்நிலையில் மாற்றமே இல்லாத ஒருவர் இரண்டு வார இடைவெளியில் அதே வினாப்பட்டியலை நிரப்பினாலும் மதிப்பெண் சற்றே முன்பின்னாக வரும். ஐம்பது கிராம் முன்பின் ஆடும் தராசில் இருபது கிராம் கூடியதாகத் தெரிந்தால், கடைக்காரரும் நம்பமாட்டார், வாங்குபவரும் நம்பமாட்டார். அளவையின் இந்த ஆட்டத்தைத் தாண்டிய மாற்றத்தை மட்டுமே மாற்றமாகக் கொள்ள வேண்டும். இதில் கருத்து வேறுபாடு இல்லை.

மெக்மாஸ்டரைச் சேர்ந்த ஜெஃப்ரி நார்மனும் உடனாய்வாளர்களும் 2003இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பொருட்படுத்தத்தக்க மாற்றம் பெரும்பாலும் திட்ட விலக்கத்தில் பாதியளவுக்கு அருகில் வருகிறது என்றார்கள். நோயாளியைக் கேட்காமலே கணக்கிட்டுவிடலாம் என்பதால் இந்த விதியைப் பலர் விரும்பிப் பிடித்துக்கொண்டனர். என் அச்சமும் அங்கேதான். திட்ட விலக்கம் என்பது அந்தக் குழுவில் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரே மாதிரி நோயுற்றவர்களை மட்டும் சேர்த்தால் அது சுருங்கும், எல்லா நிலையினரையும் சேர்த்தால் விரியும். குடத்தைத் தூக்கும் அம்மாவுக்கு எவ்வளவு தேறுதல் போதும் என்பது, அவரோடு ஆய்வில் சேர்ந்த மற்றவர்கள் யார் என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. வேறு வழியில்லாதபோது அந்த விதியைத் துணைக்குக் கொள்ளலாம், தீர்ப்பை அதனிடம் விடலாகாது.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது, வேறுபாடு தற்செயலானதன்று என்று சொல்லும் 'புள்ளியியல் முக்கியத்துவம்' பற்றியது. ஆயிரக்கணக்கானோரை ஆய்வில் சேர்த்தால், ஒருவருக்கும் உறைக்காத சிறு வேறுபாடுகூட அந்தத் தகுதியைப் பெற்றுவிடும். ஆய்வுக் கட்டுரையில் அந்தச் சொல்லைக் கண்டதும் மருந்து பலிக்கிறது என்று முடிவுகட்டும் பழக்கத்தை மாணவர்கள் விட்டொழிக்க வேண்டும்.

4. முழங்கால் கற்றுத்தந்தது

இந்த அளவுகோலால் ஒரு சிகிச்சையின் தலைவிதியே மாறியதற்கு முழங்கால் எடுத்துக்காட்டு. தேய்மானம் வந்த மூட்டுக்குள் ஆர்த்ரோஸ்கோபி கருவியைச் செலுத்திக் கழுவிச் சுத்தப்படுத்தும் அறுவை உலகெங்கும் பரவியிருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 6,50,000க்கும் மேல். செய்துகொண்டவர்களில் பலர் வலி குறைந்ததாகவே சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை.

ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லியும் குழுவினரும் 180 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, முடிவுகளை 2002இல் வெளியிட்டனர். ஒரு குழுவுக்கு மூட்டைச் சுத்தப்படுத்தும் அறுவை, இன்னொன்றுக்கு வெறும் கழுவல். மூன்றாம் குழுவுக்குத் தோலில் வெட்டு மட்டும் போட்டுத் தைத்தார்கள், கருவி உள்ளே போகவில்லை. யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கேட்டுப் பார்த்தும், வலியிலோ நடமாட்டத்திலோ அறுவை பெற்ற குழுக்கள் போலி அறுவைக் குழுவை மிஞ்சவில்லை. தேறினேன் என்று நோயாளி சொல்வதை நம்ப வேண்டும். அந்தத் தேறுதலுக்குச் சிகிச்சைதான் காரணமா என்று அறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமையாகும்.

பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஒரு பன்னாட்டுக் குழு பரிந்துரை வெளியிட்டது. மூட்டு வலியை அனுபவித்தவர்களும் அந்தக் குழுவில் இடம்பெற்றிருந்தார்கள். அறுவை தந்த கூடுதல் நன்மை, முதல் மூன்று மாதங்களில் 100 புள்ளி வலி அளவில் சராசரியாக 5 புள்ளி அளவே. நோயாளிகள் பொருட்படுத்தும் மாற்றமோ சுமார் 12 புள்ளி. தேய்மான மூட்டுக்கு இந்த அறுவை வேண்டாம் என்று குழு உறுதியாகச் சொன்னது. அந்த 12 என்ற எண் இல்லாதிருந்தால், 5 புள்ளியையே வெற்றி என்று காட்டி வாதாட இடமிருந்திருக்கும்.

5. கோடு நேராக நிற்காத இடங்கள்

இந்த முறையில் நம்பிக்கை உள்ளவள் என்பதாலேயே அதன் பலவீனங்களையும் சொல்கிறேன்.

முதலாவது, நினைவு. 'போன மாதத்தைவிட எப்படி?' என்று கேட்கும்போது, போன மாதம் எப்படி இருந்தோம் என்பது யாருக்கும் துல்லியமாக நினைவிருப்பதில்லை. இன்று நன்றாக இருப்பவர் நிறையத் தேறியதாகச் சொல்வார், இன்று வலிப்பவர் தேறவே இல்லை என்பார். பதில் பழைய நிலையைவிட இன்றைய நிலையையே அதிகம் ஒட்டி வருகிறது என்று ஜெஃப்ரி நார்மன் போன்றோர் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மனிதர் மாறுவது. 1999இல் மிர்யம் ஸ்ப்ராங்கெர்ஸ், கரோலின் ஷ்வார்ட்ஸ் இருவரும் இதற்கு ஒரு கோட்பாடே வகுத்தார்கள். நோயோடு வாழ்ந்து பழகியவர் 'கடுமையான வலி' என்று எதைச் சொல்வார் என்பதே மாறிவிடுகிறது. எது முக்கியம் என்ற வரிசையும் மாறுகிறது, நல்ல வாழ்க்கை எது என்ற எண்ணமும் மாறுகிறது. உடல் தளர்ந்த பிறகும் மதிப்பெண் குறையாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். இதைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மனிதர் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளும் விதமே அதுதான். ஆனால் மதிப்பெண்ணைப் படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எண் நிலையானதன்று. ஆறு நிமிட நடைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து பயிற்சி பெறும் நோயாளிகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுச் சொல்லச் செய்து, 54 மீட்டர் வேறுபாடு இருந்தால்தான் அவர்கள் உணர்கிறார்கள் என்று 1997இல் டொனால்ட் ரெடல்மயர் குழு கணித்தது. 2014இல் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் சங்கங்கள் சேர்ந்து வகுத்த நெறி, பிற்கால ஆய்வுகளையும் பார்த்துச் சுமார் 30 மீட்டர் என்றது. கேட்ட விதமும் கேட்கப்பட்டவர்களும் மாறினால் எண்ணும் மாறும்.

நான்காவது, சராசரி. பொருட்படுத்தத்தக்க மாற்றம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருந்து சராசரியாக 0.25 மட்டுமே உயர்த்தியது என்றால் பயனற்றது என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் நூறு பேரில் ஐம்பது பேருக்கு 0.5 ஏறி, மீதி ஐம்பது பேருக்கு ஒன்றுமே ஏறாவிட்டாலும் சராசரி 0.25தான். சரிபாதிப் பேருக்கு உதவிய மருந்தைக் குப்பையில் போடுவதா? கயாட்டும் உடனாய்வாளர்களும் 1998இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் கோட்டைத் தாண்டினார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி.

6. மதுரையில் கேட்ட கேள்வி

இவையெல்லாம் மேலைநாட்டுச் செய்தி என்று யாரும் எண்ண வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 1998இல் வெளியாயின. கண்புரையால் இரு கண்ணும் பார்வை இழந்த 3,400 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியும், மீதிப் பேருக்குக் கண்ணுக்குள்ளேயே லென்ஸும் கொடுத்தார்கள். அக்காலத்தில் உள்விழி லென்ஸ் விலை கூடியது. ஏழைகளுக்கு அது தேவையா என்ற வாதம் நடந்துகொண்டிருந்தது.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதோடு ஆய்வாளர்கள் நின்றுவிடவில்லை. தென்னிந்தியக் கிராமத்தாருக்கென்றே உருவாக்கிய வினாப்பட்டியலைக் கொண்டு அன்றாட நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, மனநிலை ஆகியவற்றையும் கேட்டார்கள். இரு குழுவினரும் பெரிதும் தேறியிருந்தார்கள். ஆனால் அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது லென்ஸ் பெற்றவர்கள் அடைந்த நன்மையே கூடுதலாக இருந்தது. தடித்த கண்ணாடி பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும், பக்கப் பார்வையைக் குறுக்கும். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி இருட்டுதான். அந்தச் சிரமத்தை எழுத்துப் பலகை அறியாது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பவர் அறிவார்.

மூட்டு வலிக்கு உலகெங்கும் பயன்படும் வினாப்பட்டியல் ஒன்று குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது பற்றிக் கேட்கிறது. நம் ஊர்ப் பாட்டி இழந்திருப்பது தரையில் சம்மணமிட்டு அமர்வதையும் குத்தவைத்து எழுவதையும். அவற்றைக் கேட்காத வினாப்பட்டியலில் அவர் எத்தனை புள்ளி தேறினாலும் அவருடைய வாழ்க்கை அதில் பதிவாகாது. கேள்விகளை நம் வீட்டு முற்றத்திலிருந்தும் வயலிலிருந்தும் எடுப்பது நம் ஆராய்ச்சியாளர்களின் கடமை.

7. செய்யத்தக்கவை

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2009 முதல் இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்வோரிடம் அறுவைக்கு முன்பு ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்துக் கேட்டுவருகிறது. நாமும் தொடங்கலாம், சிறிய அளவிலேயே தொடங்கலாம். மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். முன்பு பதிவு செய்யாவிட்டால் பின்பு நினைவை நம்பித்தான் நிற்க வேண்டும். 'எந்த வேலை முடிந்தால் இந்தச் சிகிச்சை போதும் என்பீர்கள்?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அறுவைக்கு ஆகும் செலவும் வலியும் அதிகம், மாத்திரைக்குக் குறைவு. எதற்காக எவ்வளவு தேறுதலை எதிர்பார்க்கிறார் என்பது அவர் கொடுக்கும் விலையையும் பொறுத்தது.

சிகிச்சை அளித்தவரே கேட்காதீர்கள். டாக்டர் மனம் கோணக் கூடாது என்று நம் மக்கள் தேறியதாகவே சொல்லிவிடுவார்கள். எழுத்தறியாதவருக்குப் பயிற்சி பெற்ற வேறொருவர், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், குரலில் சாய்வில்லாமல் வாசித்துக் காட்ட வேண்டும். உடன் வந்த மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொல்லவிடக் கூடாது.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள். எவ்வளவு மாற்றம் போதும் என்ற கோட்டை யாரைக் கேட்டுக் கிழித்தார்கள்? அவர்கள் என் நோயாளியைப் போன்றவர்களா? இரு குழுவிலும் எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள்? இம்மூன்றுக்கும் விடை இல்லாத கட்டுரையை நம்பி ஒருவரின் சிகிச்சையை மாற்றாதீர்கள்.

இந்த உரைக்கு வாய்ப்பளித்த அறக்கட்டளையாருக்கும் ஒரு விண்ணப்பம். நாட்பட்ட சுவாச நோய், மூட்டுத் தேய்மானம், பக்கவாதம் ஆகியவற்றோடு வாழும் நம் மக்கள் எந்தெந்த வேலைகளை இழந்து வருந்துகிறார்கள், எவ்வளவு திரும்பக் கிடைத்தால் போதும் என்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுத் தொகுக்க இளம் ஆய்வாளர்களுக்குச் சிறு நல்கை தாருங்கள். பெரிய ஆய்வகம் தேவையில்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் போதும்.

மருத்துவ மாணவர்களே, அடுத்த முறை புறநோயாளிப் பிரிவில் அமரும்போது, நோயாளிச் சீட்டில் நோயின் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: இவர் மறுபடியும் செய்ய விரும்பும் வேலை எது. மறுமுறை அவர் வரும்போது, பரிசோதனை முடிவைப் பிரிக்கும் முன், அந்த வேலையைப் பற்றி முதலில் கேளுங்கள்.